வாவிக்கரையில் நிலக்கலை: வந்தாறுமூலையில் வேலையைத் தொடங்குவது எப்படி

இயற்கைப் பொருளை எடுத்து, அது கிடைத்த நிலத்திலேயே செய்யும் கலையைப் பற்றி நம் மாணவர்கள் தேடும்போது முதலில் கண்ணில் படுபவை அன்டி கோல்ட்ஸ்வேர்தியின் படங்கள்தான். 1956இல் பிறந்த இந்த ஆங்கிலேயக் கலைஞர் கல்லை அடுக்கிக் கூம்பு எழுப்புவார். பனிக்கட்டியைத் துண்டு துண்டாக ஒட்டுவார். முட்களால் இலைகளைத் தைத்து ஆற்றில் மிதக்கவிடுவார். கடல் பெருகி வந்து கூம்பை மூடும்வரை கரையில் காத்திருப்பார். படங்களைப் பார்த்த கையோடு கல் தேடிக்கொண்டு வாவிக்கரைக்குப் போகிறவர்கள் உண்டு. வந்தாறுமூலைப் பக்கத்து மட்டக்களப்பு வாவிக்கரையில் கையால் எடுத்து அடுக்கக் கல் கிடைப்பது அரிது. களியும் மணலும் சேறும்தான். பனிக்கட்டி கிடையாது. கடற்பெருக்கும் இலங்கைக் கரைகளில் முக்கால் மீற்றரைத் தாண்டுவதில்லை. வாவிக்குள் அது பெரும்பாலும் தெரியவே வராது.

ஆகவே அவருடைய உருவங்களை விட்டுவிடுங்கள். அவருடைய பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இடத்துக்குப் போய், இன்று இங்கே என்ன கிடக்கிறது, காற்று எந்தப் பக்கம், ஈரம் எவ்வளவு என்று பார்த்த பிறகே என்ன செய்வதென்று தீர்மானிக்கிறார் அவர். அதையே நம் வயலிலும் கரையிலும் செய்து பாருங்கள். அந்தக் கலை அவருடையதைப் போல இருக்காது.

பருவம்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு அது சேரும் முகத்துவாரங்களை வரட்சிக் காலத்தில் மணல் மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறி, தானாக உடைத்தோ வெட்டிவிடப்பட்டோ திறந்துகொள்ளும். நவம்பர் முதல் ஜனவரி வரை தண்ணீர் பரந்து வயலின் காலடிக்கு வரும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்றடித்து நீர் பின்வாங்க, நேற்றுவரை சேறாக இருந்த இடம் வெடித்துக் கிடக்கும். கோல்ட்ஸ்வேர்தியின் கடற்பெருக்குக் கடிகாரம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திரும்புகிறது. நமது கடிகாரம் ஆண்டுக்கு ஒரு முறை.

இந்தக் கடிகாரத்துக்கு நெருங்கிய உறவு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. றொபேட் ஸ்மித்சன் 1970இல் அங்குள்ள பெரிய உப்பேரியில் கருங்கல்லும் மண்ணும் கொட்டி, 1500 அடி நீளத்தில் சுருள் வடிவ அணையொன்றை அமைத்தார். ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்திருந்த காலம் அது. மட்டம் ஏறியதும் அணை மூழ்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீருக்குள் கிடந்து, 2002 வாக்கில்தான் வெளியே வந்தது. அதற்குள் கற்களில் உப்புப் பூத்திருந்தது. ஏரி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதும் அந்தப் படைப்பின் பகுதியாகிவிட்டது. நம் வாவி இதை ஒவ்வோராண்டும் செய்கிறது. ஓகஸ்டில் கரையில் இட்ட ஒரு மண்வரம்பை டிசெம்பர் நீர் மூடும். அடுத்த ஓகஸ்டில் எவ்வளவு மிச்சம் என்று போய்ப் பார்க்கலாம். இயந்திரமோ லொறியோ இதற்குத் தேவையில்லை, ஒரு மண்வெட்டி போதும்.

எந்தப் பருவத்தில் எது மிதமிஞ்சிக் கிடக்கிறதோ அதுவே அந்தப் பருவத்தின் பொருள். இந்த அத்தியாயத்தில் ஒன்றையே நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச்சில் வைக்கோல். வரட்சியில் களி, காய்ந்த கோரை, ஊரிச் சிப்பி. மாரி முடியும் வேளையில் வெள்ளம் ஒதுக்கிய கொப்பும் சருகும், அவற்றோடு ஆற்றுவாழையும். பச்சை மரத்தை வெட்டவேண்டிய வேலையை நினைத்தால், பருவத்தை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுவாழையைப் பற்றி ஒரு சொல். இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்நியச் செடி. இதை ஒழிக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றினார்கள். அள்ளுவதில் யாருக்கும் நட்டமில்லை, தோணி ஓடும் வழி திறந்தால் மீனவர் மகிழ்வார்கள். ஆனால் அள்ளியதை வேறொரு குளத்துக்கோ வாய்க்காலுக்கோ கொண்டுபோகக் கூடாது. சிறு துண்டு போதும், அங்கே புதிதாகப் படர்ந்துவிடும். கரையிலிருந்து தள்ளி, தண்ணீர் எட்டாத மேட்டில் போட்டு வேலை செய்யுங்கள். இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாக முடைந்தது ஒரு கிழமையில் சுருங்கித் தொளதொளத்துவிடும். தண்டுகளை நாலைந்து நாள் வெயிலில் காயவைத்து, முடையும் முன் இலேசாக நீர் தெளித்துக்கொண்டால் கயிறுபோல வளையும்.

வைக்கோல்

தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது வைக்கோல்தான். நிறையக் கிடைக்கும், கையைக் கீறாது, பிழைத்தால் பிரித்துவிடலாம். ஆனால் எல்லா வைக்கோலும் ஒன்றல்ல. இயந்திரம் வெட்டிக் கக்கிய வைக்கோல் நசுங்கியும் குட்டையாகவும் இருக்கும். அதைக் குவிக்கலாம், பரப்பலாம், களியோடு குழைக்கலாம்; புரி திரிக்க முடியாது. புரிக்குக் கையால் அறுத்த நீள வைக்கோல் வேண்டும். இயந்திரம் இறங்க முடியாத சதுப்பு மூலைகளில் இன்னும் கையால் அறுக்கிறார்கள். எந்த வட்டையில் அப்படி நடக்கிறதென்று விசாரித்துப் போங்கள். உப்பட்டியாக வைத்து, சூடு வைத்து, களவெட்டியில் அடித்த காலத்து நுட்பங்கள் தெரிந்த வயதானவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

புரி திரிக்க இருவர் வேண்டும். ஒருவர் வைக்கோற் குவியலின் அருகே குந்தியிருக்க, மற்றவர் ஒரு முழ நீளத் தடியோடு நிற்பார். முதல் பிடி வைக்கோலை மடித்துத் தடியில் கொளுவி, நிற்பவர் ஒரே திசையில் சுழற்றத் தொடங்குவார். இருப்பவர் வலக்கையால் வைக்கோலை ஊட்டிக்கொண்டே, இடக்கை விரல்களுக்குள் புரியின் பருமனைச் சமப்படுத்துவார். சுழற்றுபவர் பின்னுக்கு நடக்க நடக்கப் புரி நீளும். பிடி பெரிதானால் அந்த இடம் புடைக்கும், சிறிதானால் அறும். காலைப் பனி விழுந்த வைக்கோல் நன்றாக முறுகும். வெயில் ஏறிய பின் என்றால் தண்ணீர் தெளித்து ஒரு மணித்தியாலம் சாக்கால் மூடிவையுங்கள். முறுக்கு ஏறிய புரியைச் சும்மா கீழே போட்டால் தன் மேலேயே சுற்றிச் சிக்கிவிடும். நடுவை ஒருவர் பிடிக்க, இரண்டு முனையையும் சேர்த்தால் தானாக இரட்டைப் புரியாக முறுகிக்கொள்ளும், பிறகு அவிழாது.

புரி கையில் வந்ததும் அதை வைத்து ஓர் உருவம் செய்யத்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்: யானை, மயில், பாடும் மீன். கொஞ்சம் பொறுங்கள். அறுவடை முடிந்த வயலின் வரம்புகளை மேட்டிலிருந்து பாருங்கள். நிலத்தின் சரிவையும் தண்ணீரின் போக்கையும் அறிந்தவர்கள் இழுத்த கோடுகள் அவை. ஒரு வளைந்த வரம்பின் முதுகில் மஞ்சட் புரியை முழு நீளத்துக்கும் கிடத்திப் பாருங்கள். பயிர் நின்றபோது மறைந்திருந்த கோடு தூரத்திலிருந்தே தெரியும். மயிலைவிட இது எனக்குப் பெரிய வேலையாகப் படுகிறது, ஏனென்றால் வேறெந்த வயலிலும் இதே கோடு வராது.

களி

வற்றிய வாவிக்கரைக் களி தானாகவே வரையும். அது எப்படி வரைகிறது என்று தெரிந்தால் அதனோடு சேர்ந்து நாமும் வரையலாம். களியின் மேற்பரப்பு காயும்போது சுருங்குகிறது, அடியில் உள்ள ஈரம் விடுவதில்லை. அந்த இழுபறியில் வெடிக்கிறது. மெல்லிய படை சிறு சிறு ஓடுகளாக வெடிக்கும். தடித்த படை பெரிய தட்டுகளாகப் பிளக்கும். ஆகவே படையின் தடிப்பை மாற்றினால் வெடிப்பின் அளவும் மாறும்.

இதைப் பரிசோதிக்க, ஒரு மீற்றர் அகலத்தில் தட்டையான இடமொன்றைத் தெரிந்து, நன்றாகக் குழைத்த களியை மூன்று பட்டைகளாகப் பூசுங்கள்: ஒன்று விரல் நுனி அளவு தடிப்பு, ஒன்று மூன்று சென்ரிமீற்றர், ஒன்று ஆறு. நான்காவதாக, சப்பி நெல்லும் நறுக்கிய வைக்கோலும் கலந்த களியை ஒரு பட்டை இடுங்கள். கச்சான் காலத்தில் மெல்லிய பட்டை விரைவாகவே வெடித்து, ஓடுகளின் விளிம்பு மேல்நோக்கிச் சுருளத் தொடங்கும். ஆறு சென்ரிமீற்றர் பட்டைக்குப் பல நாள் பிடிக்கும். வைக்கோல் கலந்தது அநேகமாக வெடிக்காது. நார் களியைப் பிடித்துக்கொள்ளும். மண்வீடு கட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இப்போது உங்களிடம் வெடிக்கும் களி, வெடிக்காத களி, பெரிய வெடிப்பு, சிறிய வெடிப்பு எல்லாம் இருக்கின்றன. வெடிக்காத களியில் கோடிட்டு, இடைவெளிகளை வெடிக்கும் களியால் நிரப்பினால், நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வெயில் அந்தச் சித்திரத்தை முடித்துவைக்கும்.

உவர் மிகுந்த இடங்களில் காய்ந்த களியின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் துடைக்காதீர்கள்.

தொடக்கூடாதவை

வாவிக்கரையில் சிவப்பு இலை அரிது. முதிர்ந்து விழும் முன் செக்கச் சிவந்து நிற்பது தில்லை. சிதம்பரத்தின் தலமரமும் இதுவே. இலைகளை நிறவாரியாக அடுக்கும் வேலைக்கு அந்தச் சிவப்பு கையை இழுக்கும். இழுபடாதீர்கள். தில்லையின் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் சிறிது காலத்துக்குப் பார்வையே போகலாம். கொப்பை முறிப்பதும் பச்சை இலையைப் பறிப்பதும் கூடவே கூடாது. புகையும் ஆகாது, எனவே எரிக்கவும் வேண்டாம். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு நேரே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். தில்லையை அடையாளம் காணத் தெரிந்த மீனவர் ஒருவர் இல்லாமல் சிறுபிள்ளைகளைக் கண்டற்காட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

கண்டலையும் விட்டுவிடுங்கள். 2015இல் இலங்கை தன் கண்டற்காடுகள் முழுவதையும் பாதுகாப்பதாக அறிவித்தது. சட்டம் இருக்க, இறாலும் மீனும் குஞ்சாக வளரும் இடம் அதன் வேர்ப்பந்தல். தரையில் விழுந்த கண்டற்காய்களின் நீண்ட வடிவம் அழகுதான், ஆனால் அவை அடுத்த தலைமுறை மரங்கள். நிகழ்ச்சி முடிவில் அவற்றை வரிசையாக நட்டுப் படம் எடுக்கும் வழக்கமும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் நாட்டில் நடப்பட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை; பிழையான மட்டத்தில், பிழையான இனத்தை நட்டது முக்கிய காரணம். நடுவது அதற்கென்று படித்தவர்களோடு சேர்ந்து செய்யவேண்டிய வேறொரு வேலை.

முதலை உள்ள வாவி இது. முழங்கால் நீரிலும் தனியாக இறங்கக் கூடாது. விடியலிலும் மாலைக் கருக்கலிலும் நீரோரத்தில் குந்தியிருந்து வேலை செய்யக் கூடாது.

ஊரிலுள்ள ஆசான்கள்

அழிந்துபோகும் பொருளில் அழகு செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்தி வரைக்கும் நடக்கும் வேலையை, பக்தியோடு மட்டுமல்லாமல் செய்முறையைக் கற்கும் கண்ணோடும் பாருங்கள். குருத்தோலை கிழிக்கும் கை எங்கே நிற்கிறது, ஈர்க்கை எந்த முனையில் குத்துகிறார்கள், தோரணத்தின் மடிப்பு காற்றில் பிரியாமல் எப்படி நிற்கிறது? கல்யாணக்காலுக்குரிய கொப்பை எப்படித் தெரிகிறார்கள், எப்படிக் கொண்டுவருகிறார்கள்? கும்பத்தில் வேப்பிலையும் பாளையும் எந்த ஒழுங்கில் எழுகின்றன? சடங்கு முடிந்ததும் கும்பம் சொரிகிறார்கள்; கோயிற்கதவு அடுத்த ஆண்டுவரை மூடப்படுகிறது. அத்தனை உழைப்பும் ஒரு கிழமைக்குத்தான். அதைக் காப்பாற்றி வைக்கவேண்டும் என்று யாரும் அங்கலாய்ப்பதில்லை.

கற்கலாம், ஆனால் சடங்குப் பொருளைக் கண்காட்சிக்கென்று நகல் எடுக்கக் கூடாது. கும்பத்தின் வடிவத்தை வயலில் வைத்துப் படம் எடுப்பது ஊராரின் மனத்தை நோகடிக்கும். அவர்கள் நோவதற்கு அது நியாயமான காரணமும்கூட. மடிப்பை, முடிச்சை, கிழிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலைக்கும் அளவு உண்டு. ஒரு தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஓரோலைதான் விடுகிறது. குருத்தை வெட்டினால் வரப்போகும் ஓலையை வெட்டுகிறீர்கள். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் கேட்காதீர்கள். வெட்டிய அன்றே வேலையை முடியுங்கள். அந்த இளமஞ்சள் மறுநாள் மங்கத் தொடங்கிவிடும்.

கூத்துக்களரியும் ஒரு பள்ளிக்கூடம். வந்தாறுமூலை பேர்பெற்ற கூத்தூர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ முதலான கூத்துக்களை மேடையேற்றியபோது, ஆடல் பழக்கியவர் இந்த ஊரின் செல்லையா அண்ணாவியார். அந்த முயற்சியால் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு பெரிது. ஆனால் நாற்புறமும் ஆட்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குப் போனபோது, மண்ணைக் கூட்டி உயர்த்திய வட்டமும் வாழைக்குற்றியும் ஓலைத்தோரணமும் பின்னால் தங்கிவிட்டன. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியவர்களும் சீலாமுனையில் ஊர் மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கியபோது, களரியே மறுபடியும் கூத்தின் இடமானது. நிலக்கலை செய்ய விரும்புகிறவர் ஒரு களரி போடப்படும் நாளில் அங்கே நின்று மண் சுமக்க வேண்டும். ஒரு வட்டம் எத்தனை பேருக்குப் போதும், எந்த உயரத்தில் ஆடுபவரின் கால் தெரியும், வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே மண்ணிலேயே தீர்மானமாகிறது.

நிலத்தைக் கேட்பது

வெறுமையாகத் தெரியும் நிலம் எதுவும் வெறுமையானதல்ல. வலை காயப்போடும் இடம், மாடு இறங்கும் பாதை, ஆள்காட்டி முட்டையிடும் மணல் மேடு, இன்னாருடைய வயலின் தண்ணீர் வழி என்று ஒவ்வொன்றுக்கும் பயன் இருக்கும். காணிக்காரரிடம் கேட்பதோடு நில்லாமல், அந்த இடத்தை நாள்தோறும் பாவிப்பவர் யாரென்று அறிந்து அவரிடமும் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஐயா, இந்த வைக்கல்ல கொஞ்சம் எடுக்கலாமா?”

“என்னத்துக்கு மகன்?”

“வரம்பில ஒரு வேலை செய்யப் போறம்.”

“இது மாட்டுக்கு வெச்சது. அந்தா, வரம்படியில நனைஞ்சு கிடக்குது, அத எடுங்க. மறுகா அப்பிடியே போட்டுட்டுப் போயிராதீங்க.”

இந்த ஊர் நிலத்துக்கு இன்னொரு கனமும் உண்டு. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான, இந்த ஊரிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், 1990இல் அகதிமுகாமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் சுற்றுவட்டார ஊர்களில் வாழ்கின்றன.

உருவத்தைத் தெரியும்போது இது மனத்தில் இருக்க வேண்டும். கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அனா மென்டியேட்டா 1970களில் தன் உடலின் வடிவத்தை மண்ணிலும் மணலிலும் பூக்களிலும் பதித்துச் செய்த தொடர் உலகெங்கும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நிலத்தில் படுத்து ஆளின் கோட்டை வரைந்து சாம்பலால் நிரப்ப விரும்புவார்கள். வந்தாறுமூலையில் அதை ஒரு வகுப்புப் பயிற்சியாகச் செய்யக் கூடாது. உடல் கிடைக்காத வீட்டுக்காரர் அந்த வழியால் நடந்து வருவார். ஆள் வடிவம், வரிசையாக நட்ட கம்பு, மண்ணால் மூடிய குழி இவையெல்லாம் இங்கே அழகியல் வடிவங்களாக மட்டும் நிற்பதில்லை. இழந்தவர்கள் தாமே விரும்பிக் கேட்டு, தாமே முன்னின்று செய்தால் அது வேறு. அப்போது நம் வேலை மண் குழைத்துக் கொடுப்பதும் புரி திரித்துக் கொடுப்பதும்தான்.

படமும் கலைப்பும்

கைபேசிக் கமரா போதும். வெயில் சாய்ந்திருக்கும் காலை ஆறரை மணி தொடங்கி எட்டு மணிக்குள் எடுத்தால் வரம்பும் வெடிப்பும் நிழலோடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஒரு தடியை நட்டு இடத்தைக் குறித்துவைத்து, அதே இடத்தில், அதே உயரத்தில் நின்று, வேலை முடிந்த அன்றும் அதன் பின் கிழமைக்கு ஒரு முறையும் எடுங்கள். ஆடு கடித்ததையும் மழை கரைத்ததையும் எடுங்கள். முடிந்த அன்று எடுத்த படத்தை மட்டும் காட்டுவது பாதிக் கதை. திகதி, காற்று, மழை, பொருளை யாரிடம் பெற்றோம் என்ற நான்கையும் கொப்பியில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு இந்த நூலைவிட அது உதவும்.

களியையும் இலையையும் அப்படியே விடலாம். ஆற்றுவாழையை நன்றாகக் காயவிட்டுக் குழியில் பசளைக்குப் போடுங்கள். நட்ட குறித்தடிகளைப் பிடுங்கிவிடுங்கள். சேற்றில் மறைந்த முனை மீனவர் காலில் ஏறும். வைக்கோற்புரியை அவிழ்த்து, பூஞ்சணம் பிடிக்காத பகுதியைத் தந்தவருக்கே மாட்டுத் தீனாகத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும் முன் முழு நீளத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் யாராவது நைலோன் நூலாலோ கம்பியாலோ ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் அது மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும்.